பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் பேர் கொடுத்த டியூக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் பழைய நீர்வழிகளைப் பற்றிப் பேசப் போகும் இடங்களிலெல்லாம் இது நடக்கிறது. கால்வாயின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் பேச்சு பேருக்குத் தாவிவிடும்: "சார், அந்தப் பக்கிங்ஹாம் யாரு?" அதற்குப் பதில் சொன்னால் அதிலிருந்து நாலு கேள்வி கிளம்பும். திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன்.

பக்கிங்ஹாம்னா லண்டன்ல ராணி இருந்த அரண்மனைக்காரரா?

இல்லை. அந்த அரண்மனை இருக்கும் இடத்தில் 1703-ல் வீடு கட்டியவர் ஜான் ஷெஃபீல்டு என்ற வேறொரு பக்கிங்ஹாம் டியூக். அவர் வம்சம் வேறு. அந்த வீட்டை 1761-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வாங்கினார், பிறகு அது அரண்மனையாக வளர்ந்தது.

நம்மவர் மூன்றாவது பக்கிங்ஹாம் மற்றும் சாண்டோஸ் டியூக். 1823 செப்டம்பர் 10-ல் பிறந்து 1889 மார்ச் 26-ல் இறந்தவர். இவருடைய தாத்தாவுக்கு 1822-ல்தான் டியூக் பட்டமே வந்தது. சொந்த ஊர் பக்கிங்ஹாம்ஷயர், பூர்வீக மாளிகை ஸ்டோ. 1875 முதல் 1880 வரை மெட்ராஸ் மாகாண கவர்னர்.

அவரோட முழுப் பேரைச் சொல்லுங்க, ரொம்ப நீளமாமே?

மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ரிச்சர்டு பிளாண்டஜெனட் கேம்ப்பெல் டெம்பிள்-நியூஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில். முதல் மூன்றும் அவருக்கு வைத்த பேர். மீதி ஐந்தும் குடும்பப் பேர்.

ஆண் வாரிசு இல்லாத பணக்காரக் குடும்பத்துப் பெண்ணைக் கட்டினால் சொத்தோடு பேரும் வரும். கிரென்வில் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இதையே செய்தது. சாண்டோஸ் என்ற பேர், தாத்தா 1796-ல் பிரிட்ஜஸ் குடும்பத்தின் ஒரே மகளைக் கல்யாணம் செய்ததால் வந்தது. பணம் மட்டுமல்ல, செல்வாக்கும் இருந்தது. ஜார்ஜ் கிரென்வில், வில்லியம் கிரென்வில் என்று இரண்டு பிரதமர்கள் இந்தக் குடும்பத்துக்காரர்கள். மூத்த வில்லியம் பிட் பெண் எடுத்ததும் இந்த வீட்டில்தான்.

சில புத்தகத்துல 'சாண்டோஸ் மார்க்விஸ்'னு போட்டிருக்கே, அது வேற ஆளா?

அதே ஆள்தான். அப்பா டியூக்காக இருக்கும்போது மூத்த மகன் அப்பாவின் அடுத்த கீழ்ப் பட்டத்தை மரியாதைக்காகப் போட்டுக்கொள்வது அங்கே வழக்கம். 1839 முதல் 1861 வரை இவர் சாண்டோஸ் மார்க்விஸ். அப்பா இறந்த பிறகுதான் டியூக்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மரியாதைப் பட்டம் சட்டப்படி பட்டமே இல்லை, அதனால் அதை வைத்திருப்பவர் சாதாரணக் குடிமகன், மக்களவைக்கு நிற்கலாம். இவர் 1846 முதல் 1857 வரை பக்கிங்ஹாம் ஊரின் எம்.பி. 1859-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத் தொகுதியில் பின்னால் பிரதமரான கிளாட்ஸ்டனையே எதிர்த்து நின்று தோற்றார். 1861-ல் டியூக் ஆனதும் பிரபுக்கள் சபைக்குப் போனார். அதற்கப்புறம் வாழ்நாளில் ஓட்டுக் கேட்டுப் போக வேண்டிய அவசியம் வரவில்லை.

அப்பா மஞ்சள் கடுதாசி கொடுத்தாராமே? அவ்வளவு பெரிய டியூக் எப்படி திவாலாவார்?

இந்த மனிதரைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரண்டாவது டியூக்குக்கு நிலம் ஏராளம். ஆனால் நிலத்தின் மேலிருந்த அடமானமும் ஏராளம், பாதி தாத்தா காலத்திலேயே ஏறியது. நிலத்திலிருந்து வரும் வருமானம் வட்டிக்கே பற்றாத நிலையிலும் அவர் கடன் வாங்கி மேலும் நிலம் வாங்கினார். நிலம் இருந்தால் ஓட்டு, ஓட்டு இருந்தால் அரசியல் செல்வாக்கு என்ற கணக்கு. 1845 ஜனவரியில் விக்டோரியா ராணியும் கணவர் ஆல்பர்ட்டும் ஸ்டோவுக்கு விருந்தாளிகளாக வந்தார்கள். அவர்களுக்காக மாளிகையையே புதுப்பித்து அலங்கரித்தார், எல்லாம் கடனில்.

மூன்று வருஷம்கூடத் தாங்கவில்லை. 1847-ல் கடன் பத்து லட்சம் பவுண்டைத் தாண்டி நின்றது. அமீனாக்கள் மாளிகைக்குள் வர, டியூக் நாட்டை விட்டே போய்விட்டார். 1848 ஆகஸ்டில் ஸ்டோவின் வாசலில் ஏலம் தொடங்கியது. கிறிஸ்டிஸ் நிறுவனம் 40 நாள் நடத்தியது. ஓவியம், வெள்ளிப் பாத்திரம், பீங்கான், மேஜை நாற்காலி, பாதாள அறையிலிருந்த மது வரைக்கும் போயிற்று. வேடிக்கை பார்க்கவே ஜனங்கள் வந்தார்கள். கடைசியில் கிடைத்தது சுமார் 75,000 பவுண்டு. கடனைப் பாருங்கள், கிடைத்ததைப் பாருங்கள்.

அந்த ஏலத்தில் போன ஒரு படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காதில் வளையம் போட்ட ஷேக்ஸ்பியர் படம் இருக்கிறதே, அதுதான். இந்தக் குடும்பத்தில் இருந்ததால்தான் அதற்கு 'சாண்டோஸ் ஓவியம்' என்று பேர். எல்ஸ்மியர் பிரபு ஏலத்தில் எடுத்து, 1856-ல் லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அங்கே பதிவேட்டில் முதல் எண் அதற்குத்தான்.

அப்போ மகனுக்கு என்ன மிச்சம்?

பட்டமும் கடனும். ஏலம் தொடங்கியபோது வயது 24, அதற்கு அடுத்த மாதம் 25. வயது வந்த மகன் கையெழுத்துப் போட்டால்தான் பரம்பரைச் சொத்தை உடைத்து விற்கவோ அடமானம் வைக்கவோ முடியும் என்ற சட்ட அமைப்பு அது. அப்பாவை நம்பி அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். பிறகு நிர்வாகத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். அப்பா அம்மா 1850-ல் விவாகரத்துச் செய்துகொண்டார்கள். அப்பா கடைசியில் 1861-ல் பேடிங்டன் ரயில் நிலையத்து ஹோட்டலில் இறந்தார்.

மகன் வேலைக்குப் போனார். அந்தக் காலத்து டியூக் வாரிசுக்கு இது சாதாரண விஷயமில்லை. 1853-ல், 30 வயதில், லண்டன் வடமேற்கு ரயில்வே கம்பெனியின் தலைவரானார். லண்டனையும் பர்மிங்ஹாம், மான்செஸ்டர் பக்கத்தையும் இணைத்த கம்பெனி, அன்றைய உலகின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று. அலங்காரத் தலைவராக இல்லாமல் உட்கார்ந்து வேலை பார்த்தார். எட்டு வருஷம் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

சொந்தமா ரயிலே விட்டாராமே, நிஜமா?

நிஜம். வோட்டன் என்ற ஊரில் குடும்பத்துக்கு இன்னொரு எஸ்டேட் இருந்தது. அதைப் பக்கத்து ரயில் பாதையோடு இணைக்க 1871-ல் ஒரு டிராம் பாதை போட்டார். பெரும்பாலும் சொந்த நிலத்திலேயே போனதால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் வாங்கும் செலவு மிச்சம். எஸ்டேட் கூலிகளே மண் வெட்டினார்கள். முதலில் குதிரை இழுத்தது. அடுத்த வருஷம் பிரில் என்ற ஊர் வரை நீண்டது, அப்போது எஞ்சின் வந்தது. அந்த எஞ்சினைச் செய்த ஏவ்லிங் அண்ட் போர்ட்டர்தான் நீராவி ரோடு ரோலர் செய்து பேர் வாங்கியவர்கள். பக்கவாட்டில் பெரிய சக்கரம், சங்கிலி இழுவை, நடந்து போகிறவர் வேகத்துக்குக் கொஞ்சம் மேலே. அந்த எஞ்சினை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

பால், செங்கல், நிலக்கரி, எரு என்று கிராமத்துச் சரக்கு ஏற்றிய இந்தக் குட்டிப் பாதை, பின்னால் லண்டன் மெட்ரோபாலிட்டன் ரயில்வேயின் வால் ஆகிவிட்டது. 1935-ல் மூடினார்கள். லண்டன் சுரங்க ரயிலுக்கு வயல்களுக்கு நடுவே ஒரு முனையமாக பிரில் இருந்த காலம் உண்டு என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கனடாவை உருவாக்கினதுல இவருக்குப் பங்கு உண்டா?

பாதி உண்டு. 1866-ல் மந்திரிசபையில் சேர்ந்தார். 1867 மார்ச்சில் வாக்குரிமைச் சீர்திருத்தத்தை எதிர்த்துக் கார்னார்வன் பிரபு விலக, அவர் விட்ட காலனிகள் துறை இவருக்கு வந்தது. கனடா கூட்டாட்சிச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் கார்னார்வன். அது 1867 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தபோது நாற்காலியில் இருந்தவர் நம்மவர். மறு வருஷம், "எங்களுக்கு இந்தக் கூட்டாட்சி வேண்டாம்" என்று நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஜோசப் ஹவ் லண்டனுக்கே வந்து மனு கொடுத்தார். முடியாது என்று சொன்னவர் இவர். பிள்ளை பெற்றவர் ஒருவர், வளர்த்தவர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1868-ல் தென்னாப்பிரிக்காவில் பசுட்டோலாந்து, இன்றைய லெசோத்தோ, பிரிட்டனோடு சேர்க்கப்பட்டதும் இவர் காலத்தில்தான். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்து காலனிகள் துறைக்கு வந்ததும் 1867 ஏப்ரல் 1-ல், இவர் பொறுப்பேற்ற ஒரு மாதத்துக்குள். 1868 டிசம்பரில் ஆட்சி போயிற்று.

மந்திரியா இருந்தவர் ஏன் மெட்ராஸுக்கு வரணும்? அது இறக்கம் இல்லையா?

அப்படிப் பார்க்கிறவர்களும் இருந்தார்கள். ஆனால் 1875-ல் அவர் நிலைமையைப் பாருங்கள். முந்தின வருஷம் மனைவி கேரலைன் இறந்துவிட்டார். மூன்று பெண்கள், ஆண் வாரிசு இல்லை. டிஸ்ரேலி பிரதமராக வந்தபோது மந்திரிசபையில் இவருக்கு இடமில்லை. மேலே சொன்ன கடனின் நிழலும் முழுசாக விலகவில்லை. மெட்ராஸ் கவர்னர் சம்பளம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய். பணத்துக்காகத்தான் வந்தார் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் பணம் ஒரு பொருட்டே இல்லாத டியூக் அல்ல அவர்.

பெண்களைக் கூட்டிக்கொண்டு 1875 நவம்பரில் வந்து இறங்கினார். அடுத்த மாதமே வேல்ஸ் இளவரசர் வந்து மெட்ராஸ் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். விருந்தும் வாணவேடிக்கையுமாகத்தான் ஆட்சி தொடங்கியது.

தாது வருஷப் பஞ்சத்துல இவர் என்ன செஞ்சார்?

1876-ல் தென்மேற்கும் பொய்த்தது, வடகிழக்கும் பொய்த்தது. பல்லாரி, கடப்பை, கர்நூல் பக்கம் முதலில் விழுந்த அடி, பிறகு வடாற்காடு, சேலம் என்று கீழே இறங்கியது. தெற்கிலும் மேற்கிலுமாகப் பரவிய அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் பெரும்பங்கு மெட்ராஸ் மாகாணம்.

டியூக்கின் அரசு ஆரம்பத்தில் ஒரு காரியம் செய்தது. அர்பத்நாட் கம்பெனி மூலமாக வெளியே தெரியாமல் 30,000 டன் தானியம் வாங்கியது. (1906-ல் திவாலாகி ஏகப்பட்ட பேர் சேமிப்பை விழுங்கிய அதே அர்பத்நாட்தான்.) வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது என்பது வைசிராய் லிட்டனின் வேதவாக்கு. விஷயம் தெரிந்ததும் கல்கத்தாவிலிருந்து கண்டனம் வந்தது.

1877 ஜனவரி 1-ல் விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவிக்க டெல்லியில் லிட்டன் தர்பார் நடத்தினார். இங்கே ஜனங்கள் செத்துக்கொண்டிருக்க, கவர்னரும் அங்கே போய் உட்கார வேண்டியிருந்தது. அதற்கப்புறம் லிட்டன் அனுப்பிய பஞ்சப் பிரதிநிதி சர் ரிச்சர்டு டெம்பிள் வந்தார், செலவைக் குறைக்க.

டெம்பிள் கூலின்னு சொல்றாங்களே, அது என்ன?

நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஓர் ஆணுக்கு நாளுக்கு 450 கிராம் தானியம், அதற்கு மேல் சில்லறைக் காசு. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. நாள் முழுக்க வெயிலில் கல்லும் மண்ணும் சுமந்துவிட்டு இதைச் சாப்பிட வேண்டும். மெட்ராஸ் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், இது பட்டினிக்கான அளவு என்று எழுத்தில் எதிர்த்தார், 680 கிராமாவது வேண்டும் என்றார். விடாமல் வாதாடிய பிறகு 570 கிராமாக ஏறியது, கொஞ்சம் பருப்பும் சேர்ந்தது. அதற்குள் முகாம்களில் செத்தவர்கள் திரும்பி வரவா போகிறார்கள்?

என் பார்வையில் இந்தக் கதையின் நல்ல மனிதர் கார்னிஷ்தான். சென்னையில் அவர் பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது.

லிட்டனோட இவருக்கு நேரடிச் சண்டையா?

மரியாதையான காகிதச் சண்டை. 1877 ஆகஸ்டில் மெட்ராஸில் டியூக் தலைமையில் பொதுக்கூட்டம் நடந்து, லண்டன் மேயருக்கு உதவி கேட்டுத் தந்தி போயிற்று. 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியர் வில்லியம் டிக்பி நிவாரணக் குழுவின் செயலாளர். இங்கிலாந்தில் சாதாரண ஜனங்கள்வரை காசு போட்டார்கள், 6 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. லிட்டனுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. நிர்வாகம் தோற்றுவிட்டது என்று உலகத்துக்குத் தந்தி அடித்த மாதிரிதானே அது?

அதே மாதக் கடைசியில் லிட்டன் நேரிலேயே தெற்கே வந்தார். பல்லாரியில் இருவரும் சந்தித்தார்கள். கவர்னர் சபையில் எல்லோரும் கூடி முடிவெடுப்பது போய், பஞ்ச நிர்வாகத்தை டியூக் ஒருவரே ஏற்க, பம்பாயிலிருந்து வந்த ஜெனரல் கென்னடி துணையாக நிற்பது என்று ஏற்பாடானது. டியூக் ஒத்துக்கொண்டார், ராஜினாமா செய்யவில்லை.

அப்போ இவர் நல்லவரா, கெட்டவரா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தை என்னிடம் இல்லை. 30,000 டன்னும் லண்டன் தந்தியும் அவர் கணக்கில் வரவு. டெம்பிள் கூலியை மாதக்கணக்கில் அமல்படுத்தியது பற்று, அதுவும் பெரிய பற்று. கடன்பட்ட எஸ்டேட்டை நிமிர்த்திய கையால் மாகாணத்தையும் நடத்தினார்: தானே பைல் பார்ப்பார், தானே கணக்குக் கேட்பார். ஒரு கம்பெனிக்கு அது போதும். மேலதிகாரி தவறு செய்கிறார் என்று தெரிந்த பிறகும் பைலிலேயே பதில் எழுதிக்கொண்டிருந்தது பஞ்ச காலத்துக்குப் போதவில்லை. லிட்டனோடு ஒப்பிட்டால் நல்லவர் என்று சிலர் சொல்வார்கள். லிட்டனை அளவுகோலாக வைத்தால் யார்தான் நல்லவராகத் தெரிய மாட்டார்?

கால்வாயை வெட்டினது இவர்தானே?

பெரும்பகுதி இல்லை. 1806-லேயே பேசில் கோக்ரேன் என்ற வியாபாரி மெட்ராஸிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் வெட்டி, 'கோக்ரேன் கால்வாய்' என்று விட்டிருந்தார். 1837-ல் அரசு எடுத்துக்கொண்டு வடக்கே நீட்டியது. தெற்கிலும் துண்டு துண்டாக வேலை நடந்தது. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவில் சுமார் 8 கிலோமீட்டர் இடைவெளி விட்டுப்போயிருந்தது. 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாக அதை வெட்டினார்கள், 1878-ல் கவர்னர் பேரை வைத்தார்கள்.

சேப்பாக்கத்தில் பறக்கும் ரயில் ஏறி, இடது பக்கமோ வலது பக்கமோ கீழே எட்டிப் பாருங்கள். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி வழியாகக் கூடவே கறுப்பாக வரும் தண்ணீர் அந்த 8 கிலோமீட்டர்தான். ரயில் தூண்கள் பல இடத்தில் கால்வாய்க்குள்ளேயே இறங்கியிருக்கும். வெட்டியவர்கள் வாங்கிய கூலி என்ன கணக்கில் தரப்பட்டது என்பது மேலே இருக்கிறது. ஆந்திராவின் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீளத்துக்கு விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய படகுகள் ஓடின, 1960-கள் வரைக்கும்.

பி அண்ட் சி மில்லுக்கும் இவர் பேர்தானா?

ஆமாம், 'பி' இவர்தான். பின்னி கம்பெனி 1870-களில் பெரம்பூரில் தொடங்கியது பக்கிங்ஹாம் மில், பிறகு வந்தது கர்நாடிக் மில். 1920-ல் இரண்டும் சேர்ந்தன. 1918-ல் மெட்ராஸ் தொழிற்சங்கம் பிறந்ததும், 1921-ல் பெரிய வேலைநிறுத்தம் நடந்ததும் இங்கேதான். டியூக்குக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை, பேர் மட்டும்தான்.

இங்கிலாந்தின் 1832 வாக்குரிமைச் சீர்திருத்தச் சட்டத்துல 'சாண்டோஸ் ஷரத்து'ன்னு படிச்சேன். அதுவும் இவரா?

இது நிறையப் பேரைக் குழப்புகிறது. அப்போது இவர் ஒன்பது வயதுகூட நிரம்பாத பையன். மரியாதைப் பட்டம் பற்றி மேலே சொன்னேனே, அப்பாவும் தன் காலத்தில் சாண்டோஸ் மார்க்விஸ்தான், ஷரத்து அவருடையது. ஒப்பந்தம் ஏதும் இல்லாமல் வருஷத்துக்கு 50 பவுண்டு வாடகை கட்டும் குத்தகை விவசாயிகளுக்கும் ஓட்டு என்றது அது. கேட்க முற்போக்காக இருக்கும். ஆனால் 1872 வரை ரகசிய வாக்கெடுப்பு கிடையாது. நிலக்காரர் நினைத்தால் மறுநாளே குத்தகையைப் பிடுங்கலாம். யாருக்கு ஓட்டு விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1880-க்கு அப்புறம் என்ன ஆனார்?

அவருடைய கடைசி வருஷங்களில் கோதாவரி மலைப்பகுதியில் ரம்பா கிளர்ச்சி வெடித்தது. கள் இறக்குவதற்குப் போட்ட வரியும் அதற்கு ஒரு காரணம். அதை அடக்கிவிட்டு 1880 டிசம்பரில் பதவியை விட்டார். ஊர் திரும்பி 1885-ல் மறுமணம் செய்துகொண்டார். 1886 முதல் சாகும்வரை பிரபுக்கள் சபையில் கமிட்டிகளின் தலைவர். ரயில் பாதை, துறைமுகம் மாதிரியான தனி மசோதாக்களை வரி வரியாகப் பார்க்கும் வேலை. அவருக்கென்றே செய்த வேலை என்று தோன்றுகிறது.

இப்போ பக்கிங்ஹாம் டியூக் யாரு?

யாரும் இல்லை. மகன் இல்லாததால் 1889-ல் அந்த டியூக் பட்டம் அற்றுப்போனது. ஆனால் எல்லாப் பட்டமும் போகவில்லை. ஒவ்வொரு பட்டமும் யாருக்கு இறங்கும் என்று அதை உருவாக்கிய பத்திரமே சொல்லும். ஸ்டோவின் டெம்பிள் ஏர்ல் பட்டம் சகோதரி மகன் கோர்-லாங்டனுக்குப் போனது. காபம் (Cobham) வைகவுண்ட் பட்டம் லிட்டில்டன் குடும்பத்துக்கு. பெண்ணுக்கும் இறங்கக்கூடிய கின்லாஸ் என்ற ஸ்காட்லாந்துப் பட்டம் மூத்த மகள் மேரிக்கு. அந்தப் பட்டத்துக்குத் தனக்கு உரிமை உண்டு என்று 1868-ல் வாதாடி வாங்கி வைத்தவர் இவரே. ஸ்டோ மாளிகை 1921-ல் கைமாறி, 1923-லிருந்து பள்ளிக்கூடமாக இருக்கிறது. தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் பொதுஜனத்துக்கு அனுமதி உண்டு.